நாற்பதுக்கு மேல் உற்சாகம் வடிந்துபோனால் எங்கிருந்து தொடங்குவது

நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில் பல ஆண்களுக்கு ஒரு மந்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலை ஓடுகிறது, வீடு ஓடுகிறது, ஆனால் எதிலும் பிடிப்பில்லை. எழும்போதே களைப்பு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். மன உறுதி போய்விட்டது என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு, தினமும் அதிகாலை ஓட்டம், இனிப்பைத் தொடவே கூடாது என்று பெரிய தீர்மானங்களோடு கிளம்புகிறார்கள். ஒரு மாதத்துக்குள் முழங்காலோ தோளோ பிடித்துக்கொள்கிறது, அல்லது அலுவலகத்தில் ஒரு நெருக்கடி வருகிறது. தீர்மானம் அதோடு சரி. அடுத்த முறை தொடங்கும்போது பழைய தோல்வியின் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

உற்சாகம் வரட்டும், பிறகு உடம்பைக் கவனிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அது வருவதில்லை. தூக்கம், ரத்த அழுத்தம், தசை மூன்றையும் முதலில் சீர்படுத்தினால் உற்சாகத்தின் பெரும்பகுதி தானே திரும்புகிறது. அப்படியும் திரும்பாமல் நிற்பதை மனத்தின் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தனியே பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை போகும் வரிசையும் அதுதான்.

தூக்கம்

ஏழு மணி நேரம் படுத்திருந்தும் களைப்போடு எழுகிறீர்களா? முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்லீப் அப்னியா எனப்படும் தூக்க மூச்சடைப்பு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சைத் திறந்துவிடும். ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேல் இப்படி நடப்பவர்களும் உண்டு, காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. அடையாளங்கள்: உரத்த குறட்டை, நடுவில் சத்தம் நின்று மறுபடி திணறலோடு தொடங்குவது, காலைத் தலைவலி, வாய் வறட்சி, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.யைத் தாண்டியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒல்லியானவர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம், தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தாலே போதும்.

அதிகம் பேர் கோட்டைவிடும் அடையாளம் ஒன்று உண்டு: இரவில் இரண்டு, மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது. ஆண்கள் இதை உடனே புராஸ்டேட் சுரப்பியின் தலையில் போடுகிறார்கள். மூச்சு அடைபடும்போது நெஞ்சறைக்குள் அழுத்தம் மாறுகிறது, இதயச் சுவர் இழுபடுகிறது, உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீரகம் அதைக் கேட்டு அதிகச் சிறுநீரை வெளியேற்றுகிறது. மூச்சடைப்பைச் சரிசெய்ததும் இரவு எழுவது குறைந்துவிடும் ஆண்கள் பலர். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் காலில் தேங்கும் நீரும் படுத்தவுடன் ரத்தத்துக்குத் திரும்பி இதே வேலையைச் செய்யும். மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைப்பதும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே தண்ணீரைக் குறைப்பதும் உதவும். நீர் பிரியும் வகை ரத்த அழுத்த மாத்திரையை மாலையில் எடுப்பவர்கள் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பரிசோதனையை இப்போது வீட்டிலேயே ஒரு இரவில் செய்யலாம். மூச்சடைப்பு உறுதியானால் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவியைப் பரிந்துரைப்பார்கள். பலர் முதல் சில வாரங்களிலேயே கைவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் கருவியில் இருக்காது, முகத்துக்குப் பொருந்தாத முகமூடியில்தான் இருக்கும். ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தால் அளவை மாற்றச் சொல்லுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பத அமைப்பைக் கூட்டுங்கள். பகலில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் மாட்டிப் பழகினால் இரவில் மூச்சுமுட்டும் பயம் குறையும். எடையில் 10 சதவீதம் இறங்கினாலே மூச்சடைப்பின் தீவிரம் ஏறத்தாழ கால்பங்கு குறைகிறது.

மது தூக்கத்துக்கு உதவுவதாகத் தோன்றும். முன்னிரவில் அமிழ்த்தும், பின்னிரவில் துண்டுதுண்டாகக் கலைக்கும், தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை நான்கு மணிக் காபி இரவு ஒன்பதுக்கும் பாதி உள்ளே இருக்கிறது. எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாமல் வைப்பது நல்ல பலன் தருகிறது. படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியும்.

அளவுகள், சரியாக எடுத்தால்

ரத்த அழுத்தத்தை வீட்டில் அளப்பவர்கள் பெருகிவிட்டார்கள், நல்லது. ஆனால் பலர் தவறாக அளக்கிறார்கள். மேல்கைப் பட்டை உள்ள கருவியாக வாங்குங்கள், மணிக்கட்டுக் கருவி எளிதில் ஏமாற்றும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடும், தடித்த கை உள்ளவர்களுக்குப் பெரிய பட்டை தேவை. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, புகை, உடற்பயிற்சி மூன்றும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் பதியட்டும், கால்மேல் கால் வேண்டாம். முழங்கையை மேசைமேல் வைத்தால் பட்டை இதய மட்டத்துக்கு வரும். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளவு எடுங்கள். காலையும் மாலையுமாக ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அளவுகளைக் குறித்த தாளோடு மருத்துவரிடம் போங்கள். ஒரே ஒரு அளவைப் பார்த்துப் பதறுவதும், ஒரே ஒரு நல்ல அளவைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதும் சம அளவில் ஆபத்து.

இடுப்புச் சுற்றளவைக் கால்சட்டை அளவை வைத்துச் சொல்லாதீர்கள். கால்சட்டை தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும், அளவு மாறாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின் நாடாவைச் சுற்றுங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டினால் உள்ளுறுப்புக் கொழுப்பு கூடிவிட்டது என்று பொருள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை, ஐரோப்பியர்களுக்கான எல்லையைவிட இது குறைவு.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள், ரத்த அணுக்கள் போதும். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். இரும்புச்சத்துக் குறை ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும், அதனால்தான் ரத்த அணுக்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது. முந்தைய நிலையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தந்த பலனைவிட அதிகம். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரம்பரைக் கொழுப்பை வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவிடுவது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களுக்கு மிகவும் அவசியம். பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையை 45 வயதில் தொடங்கச் சொல்கிறது அமெரிக்காவின் 2021 பரிந்துரை. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைச் செய்யலாமா வேண்டாமா என்பதை 50-ஐ ஒட்டி மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், தந்தைக்கோ சகோதரனுக்கோ அந்தப் புற்றுநோய் இருந்தால் இன்னும் முன்பே. சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் விந்து வெளியேறிய 48 மணி நேரத்துக்குள்ளும் எடுத்தால் பிஎஸ்ஏ கூடிக் காட்டலாம். முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவர்களுக்கு அந்த எண் சில மாதங்களில் பாதியாகிவிடும். சோதனைக்கூடத்துக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் ஊசி என்ற சபலம்

களைப்பு, ஆசைக்குறைவு, தொப்பை மூன்றும் சேர்ந்தால் விளம்பரங்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் காட்டுகின்றன. அவசரப்பட வேண்டாம். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டதும் இறங்கும். அதனால் காலை ஏழு முதல் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வேறுவேறு இரண்டு நாட்களில் எடுத்த அளவுகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மாலையில் எடுத்த ஒரே அளவைக் காட்டி ஊசி போடச் சொல்பவரிடமிருந்து விலகுங்கள். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்கே பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. தூக்கமும் எடையும் சரியாகாமல் அளப்பதில் பொருளில்லை. வெளியிலிருந்து இந்த ஹார்மோனைத் தந்தால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும், குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் தொடவே கூடாது. ரத்தமும் தடிக்கும், சிவப்பணு விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டிவரும். உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து, அந்தக் குறைபாட்டை ஒழுங்காக நிரூபித்த பிறகு.

விறைப்புக் குறைவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் இந்த வயதில் நடக்கும் பெரிய இழப்பு. ஆணுறுப்புத் தமனிகளின் குறுக்களவு 1 முதல் 2 மி.மீ.தான், இதயத் தமனிகள் 3 முதல் 4 மி.மீ. அடைப்பு ஒரே சமயத்தில் வளர்ந்தாலும் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த எச்சரிக்கை வந்துவிடுகிறது. காலை விறைப்பு இயல்பாக இருந்து, துணையோடு மட்டும் தடுமாறினால் மன அழுத்தம் காரணமாக இருக்கலாம். படிப்படியாக எல்லா நேரத்திலும் குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி மறைப்பவர் அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுகிறார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் விறைப்புக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையைச் சேர்த்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியும்.

தசை

நாற்பதுக்கு மேல் எடை கூடுவதற்கு வளர்சிதை மாற்றம் மந்தமாவதே காரணம் என்ற நம்பிக்கை ஆழமானது. 2021-ல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு வேறு சொன்னது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 முதல் 60 வயதுவரை உடம்பு எரிக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட மாறவே இல்லை. அசைவு குறைகிறது, தசை கரைகிறது, தட்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை போகும் என்பது பொதுவான கணக்கு. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் நடை மட்டும் இந்தத் தசையைக் காப்பாற்றாது.

வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. ஐந்து அசைவுகள் போதும்: குந்தி எழுவது, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, இரு கையிலும் சுமை எடுத்து நடப்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். எல்லா செட்டிலும் பன்னிரண்டு வந்தபின் சுமையை 2 முதல் 5 சதவீதம் கூட்டுங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்கிப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். குந்துவது முதல் நாளே முடியவில்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதிலிருந்து தொடங்குங்கள், தரைத் தண்டாலுக்குப் பதில் சுவரில் கைவைத்துத் தள்ளுங்கள்.

எங்கே தவறுகிறது என்றால், தசை சில வாரங்களிலேயே பலம் பெற்றுவிடும், எலும்போடு அதை இணைக்கும் நாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரத்தில் உடம்பு லேசாகத் தோன்றும், ஆர்வத்தில் சுமையை இரட்டிப்பாக்குவார்கள், முழங்கையும் தோளும் குதிகால் நாணும் பழிவாங்கும். வலியை ஒன்றிலிருந்து பத்துவரை அளந்தால் மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம். காலையில் அந்த இடத்தில் இறுக்கம் கூடியிருந்தால் சுமையைப் பாதியாக்குங்கள், முற்றிலும் நிறுத்த வேண்டாம். ஓய்வெடுத்தால் நாண் மேலும் பலவீனமாகும். ஆண்டுக்கணக்கில் ஓடாதவர் ஒரு நாள் திடீரென்று மைதானத்தில் பாய்ந்து ஓடுவதுதான் குதிகால் நாண் அறுவதற்கான வழக்கமான காட்சி. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல இருக்கும், திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களிலும் பிறகு சில மாதங்கள்வரையிலும் இந்த ஆபத்து கூடுகிறது, அப்போது குதித்தல், வேக ஓட்டம் இரண்டையும் தள்ளிவையுங்கள்.

இதனோடு வாரம் 150 நிமிட வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். தசைக்கு வேண்டிய புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 75 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 90 முதல் 120 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. காலையில் ஒன்றுமில்லாமல் இரவில் மொத்தமாகச் சேர்ப்பதுதான் வழக்கமான பிழை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும்.

நேரம், மனம்

திட்டம் போடும்போது எல்லோரும் நல்ல வாரத்தை மனத்தில் வைத்துப் போடுகிறார்கள். மோசமான வாரத்தை மனத்தில் வைத்துப் போடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பெற்றோருக்கு மருத்துவமனை, வேலையில் கெடு, மூன்றும் ஒன்றாக வந்த வாரத்திலும் எதைச் செய்ய முடியும்? இருபது நிமிடப் பயிற்சி இரண்டு முறை, மாறாத எழும் நேரம், அவ்வளவு என்றால் அதுவே உங்கள் அடிப்படை. மேலே செய்வதெல்லாம் கூடுதல். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர நடுநிலை மதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. ஆக, ஒரு நாள் விட்டதற்காக முழுவதையும் கைவிட வேண்டியதில்லை.

'உடற்பயிற்சி செய்வேன்' என்று எழுதிவைப்பதால் பயனில்லை. 'செவ்வாய் வேலை முடிந்து வந்ததும், உடை மாற்றும் முன், அறையில் ஐந்து அசைவுகள்' என்று எப்போது, எங்கே என்பதோடு எழுதுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவிய முறை இது.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரே ஒரு வாரம் அரைமணி அரைமணியாகக் குறித்துப் பாருங்கள். நேரமே இல்லை என்பவர்களுக்கும் இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் திரையில் கரையும் மணிகள் அகப்படும். வேலை நேரம் உண்மையிலேயே அதிகம் என்றால் அதையும் நேராகப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். இவ்வளவு பெரிய சுமையை நடைப்பயிற்சியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. எந்தப் பொறுப்பைக் கைமாற்றலாம் என்ற கசப்பான பேச்சை மேலாளரோடும் வீட்டாரோடும் நடத்தியே ஆக வேண்டும்.

நண்பர்கள் இந்த வயதில் சண்டையில்லாமலே தொலைந்துபோகிறார்கள். 'ஒருநாள் பார்ப்போம்' என்பது நடக்காது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை என்பதுபோல் நாளைக் கட்டிவையுங்கள், சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து மனம் திறப்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது பல ஆண்களுக்கு எளிது.

தூக்கமும் உடம்பும் சீரான பிறகும் பிடிப்பு வரவில்லை என்றால் மனச்சோர்வைப் பற்றி யோசியுங்கள். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக, மிதமிஞ்சிய வேலையாக, கூடும் குடியாக, அபாயமான வண்டியோட்டமாக வரலாம். முன்பு பிடித்த எதிலும் ஆர்வமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக் குறைவும் வைட்டமின் பி12 குறைபாடும் இதே முகத்தோடு வரும், ஆகவே அந்த இரு சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, கண் இருட்டுவது இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அடங்கிவிட்டாலும் இதயப் பரிசோதனை முடியும்வரை மறுபடி சுமையைத் தொட வேண்டாம்.